ஆலிஸ் படங்களின் மூலையில் இருக்கும் இன்னொரு பெயர்

நூலகப்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பழைய புத்தகக் கடையில் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' ஒரு பிரதி எண்பது ரூபாய்க்குக் கிடைத்தது. அட்டை கிழிந்து, தேதி இருந்த பக்கமும் போய்விட்டது. உள்ளே அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் முழுசாக இருக்கின்றன. வரைந்தவர் ஜான் டெனியல் என்று போட்டிருக்கிறது. படத்தின் ஒரு மூலையில் ஜேயும் டியும் பின்னிக்கொண்ட ஒரு முத்திரை. சரி, அது அவருடையது. ஆனால் பல படங்களில் இன்னொரு மூலையில் 'டால்ஸீல்' என்று பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை, மகள்தான் பார்த்தாள். "ரெண்டு பேர் சேர்ந்து வரைஞ்சாங்களாம்மா?" என்று கேட்டாள். யாருக்காவது தெரியுமா?

செம்பருத்தி:

பதிப்பாளர் பெயராக இருக்கும். இல்லாவிட்டால் அச்சகம்.

டிரெடில்தாசன்:

இரண்டும் இல்லை அம்மா. பதிப்பாளர் மேக்மில்லன். டால்ஸீல் என்பது லண்டனில் அண்ணன் தம்பிகள் நடத்திய ஒரு செதுக்குப் பட்டறை. ஜார்ஜ், எட்வர்ட் இருவரும் அதன் தலைகள். டெனியல் வரைந்ததை மரக்கட்டையில் வெட்டிக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தப் பட்டறையில் பலர் உட்கார்ந்து வெட்டினார்கள். யார் வெட்டினாலும் கீழே விழுகிற பெயர் டால்ஸீல்தான். உங்கள் மகள் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது.

என் அப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மெஷின், நாலைந்து எழுத்து கேஸ். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும்தான் தொழில். அதில் வளர்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈய எழுத்து அச்சில் மேடாக இருப்பதில்தான் மை படும். எழுத்தின் உயரம் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர். படம் வெட்டிய கட்டையும் அதே உயரம் இருந்தால் எழுத்தோடு சேஸ் என்ற ஒரே இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கி, ஒரே அடியில் அச்சடித்துவிடலாம். செப்புத் தகட்டுப் படம் இதற்கு நேர் எதிர். அங்கே மை பள்ளத்தில் நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து, உருளைக்கு அடியில் பலமாக நசுக்கினால்தான் அந்த மை மேலே வரும். அதற்கு மெஷினே வேறு. அதனால்தான் செப்புத் தகட்டுப் படங்கள் பெரும்பாலும் தனித் தாளில், பின்பக்கம் வெறுமையாக, புத்தகத்துக்குள் செருகி வைத்த மாதிரி வரும். 1823இல் கிரிம் கதைகளின் ஆங்கிலப் பதிப்புக்கு ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் போட்ட படங்கள் அந்த வகை. அமிலத்தால் அரித்த செப்புத் தகடு.

ஆலிஸில் படம் எழுத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், பாருங்கள். சிரிக்கும் பூனை மரத்தில் இருக்கிற படத்தில் கட்டையே 'எல்' வடிவம். மிச்ச இடத்தில் வரிகள் ஓடும். செப்புத் தகட்டில் அப்படிச் செய்ய நினைத்தால் அதே தாளை இரண்டு மெஷினில் ஓட்டி, இடம் பிசகாமல் பார்க்க வேண்டும். குழந்தைகள் புத்தக விலைக்கு யாருக்கும் கட்டாது.

கோட்டுச்சித்திரன்:

அருமை ஐயா. நான் ஓவியக் கல்லூரி மாணவன். ஒரு சந்தேகம். முதலாண்டில் எங்களுக்கு மரச்செதுக்கு ஒரு பாடம். பலகையில் உளியால் வெட்டினேன். நார் போகிற திசையில் உளி வழுக்கும், குறுக்கே போனால் சிம்பு தெறிக்கும். ஒரு மூக்கை வெட்டுவதற்குள் மூக்கே போய்விட்டது. ஆலிஸின் தலைமுடி அளவுக்கு மெல்லிய கோடு எப்படி மரத்தில் வந்தது?

டிரெடில்தாசன்:

தம்பி, நீங்கள் வெட்டியது பலகை. அவர்கள் வெட்டியது வில்லை.

கறிக்கடையில் கொத்துகிற புளியமரக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நிற்க வைத்தது. வருஷக்கணக்கில் வெட்டுக்கத்தி விழுந்தாலும் அது சிம்பாகப் பிளக்காது, ஏனென்றால் நார் எல்லாம் செங்குத்தாக நிற்கிறது. அதே தத்துவம்தான். பாக்ஸ்வுட் என்று ஒரு மரம், மெதுவாக வளர்ந்து கல் மாதிரி இறுகும். அதைக் குறுக்கே வில்லையாக அறுத்து, முகத்தைக் கண்ணாடி போல இழைத்துவிட்டால் எந்தத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டலாம். கருவியும் தச்சாசாரியின் உளி இல்லை, நகையாசாரியின் சிற்றுளி. கட்டை ஒரு தோல் திண்டின் மேல் இருக்கும். வலது கை உளியைத் தள்ளும், இடது கை கட்டையைத் திருப்பும். வளைவு வேண்டும் என்றால் உளி வளையாது, கட்டை சுழலும்.

இதை ஒரு கலையாக நிறுத்தியவர் வடக்கு இங்கிலாந்து நியூகாசிலில் இருந்த தாமஸ் பியூயிக். 14 வயதில் ரால்ஃப் பீல்பி என்பவரின் உலோகச் செதுக்குப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர். அங்கே பழகிய கையை மரத்துக்குக் கொண்டுவந்தார். 1790இல் விலங்குகள் பற்றி ஒரு புத்தகம், 1797இலும் 1804இலும் இரண்டு பாகமாகப் பறவைகள் புத்தகம். குழந்தைகளுக்கென்று எழுதியவை இல்லை, ஆனால் குழந்தைகள் விட்டார்களா என்ன. ஈசாப் கதைகளுக்கும் வெட்டியிருக்கிறார்.

பாக்ஸ்வுட்டில் ஒரு தொல்லை. மரம் பருக்காது. பெரிய படம் வேண்டும் என்றால் பல துண்டுகளைச் சேர்த்துத்தான் கட்டை செய்ய வேண்டும்.

செம்பருத்தி:

எவர்சில்வர் கடையில் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அந்த மாதிரியா? என் அம்மாவின் பித்தளை அண்டாவில் சின்ன உளியும் சுத்தியும் வைத்துத் தட்டித் தட்டி வெட்டிய பேர் இருக்கிறது. வெட்டுகிறவர் அண்டாவைத்தான் மடியில் திருப்பிக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வாள்.

டிரெடில்தாசன்:

அதேதான். ஒரே வித்தியாசம், அண்டாவில் வெட்டியதுதான் எழுத்து. மரக்கட்டையில் வெட்டாமல் விட்டதுதான் எழுத்து.

கோட்டுச்சித்திரன்:

இங்கேதான் எனக்கு டால்ஸீல் மேல் கோபம் வருகிறது. பியூயிக் கட்டையை இருட்டாக நினைத்துக்கொண்டு உளியால் வெளிச்சம் போட்டவர். ஒரு தள்ளு தள்ளினால் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கருவிக்கு அதுதான் இயல்பு. தூரத்துக் குன்று வெளிறித் தெரிய வேண்டும் என்று அந்த இடத்தில் கட்டையின் முகத்தையே ஒரு மயிரிழை தாழ்த்திச் சுரண்டுவாராம். மை குறைவாகப் படும், குன்று பின்னால் போகும். இது ஓவியன் வேலை.

டெனியல் காலத்தில் என்ன நடக்கிறது? அவர் கூர்மையான பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் கொண்டுவருகிறார். பென்சிலுக்கு அது அரை நிமிட வேலை. மரத்தில் அதையே கொண்டுவர, இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நடுவே மாட்டுகிற குட்டிக் கட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும். இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தில் ஜாபர்வாக் என்ற அந்தப் பறக்கும் பூதம் வருகிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு விரல்நகம் அளவு நிழலில் கட்டங்களை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். உளி ஒரே தள்ளில் செய்யத் தெரிந்த வேலையை மறந்துவிட்டு, பென்சிலுக்கு அடிமை வேலை பார்க்கிறது. இது கலையா, தண்டனையா?

செம்பருத்தி:

தண்டனைக்குக் கூலி நல்லாக் கொடுத்திருக்கிறார்களே தம்பி! புத்தகச் செலவு முழுவதையும் ஆசிரியர் லூயிஸ் கேரல் தன் கையிலிருந்து போட்டார். டெனியலுக்கு வரைய 138 பவுண்டு, டால்ஸீலுக்கு வெட்ட 142 பவுண்டு என்று அவர் நாட்குறிப்பிலேயே கணக்கு இருக்கிறது. 42 படம். வரைந்தவரைவிட வெட்டியவருக்கு 4 பவுண்டு அதிகம்.

(பதிப்பாளர் என்று முதலில் உளறிய நானே இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.)

கோட்டுச்சித்திரன்:

பணம் பட்டறை முதலாளிக்கு அக்கா. விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டு வைத்து வெளிச்சத்தைக் குவித்து, பொழுது போன பிறகும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கட்டம் தோண்டிய பையனுக்கு எவ்வளவு போனது?

நூலகப்பூனை:

சண்டை சுவாரசியமாக இருக்கிறது, நிறுத்தாதீர்கள். ஆனால் எனக்கு இன்னொன்று புரியவில்லை. கட்டையில் நேராக வரைந்தால், அதை வெட்டும்போது வரைந்ததே அழிந்துபோகாதா?

டிரெடில்தாசன்:

அழிந்தேதான் போகும். கட்டையின் முகத்தில் மெல்லிசாக வெள்ளை பூசி, அதன் மேல் இடவலம் மாற்றி வரைவார்கள். வெட்டி முடித்ததும் மூலப்படம் கிடையாது. ஓவியர் "நான் வரைந்தது இப்படி இல்லை" என்று சண்டை போட்டால் காட்ட ஆதாரமும் இருக்காது. 1855இல் ரொசெட்டி என்ற ஓவியர் ஒரு கவிதைப் புத்தகத்துக்குப் படம் வரைந்து கொடுத்துவிட்டு, டால்ஸீல் வெட்டியதைப் பார்த்துக் கொதித்துப் போனார். டெனியல் விவரமானவர். முதலில் காகிதத்தில் வரைந்து, அதிலிருந்து கட்டைக்குப் படியெடுத்தார். அதனால் அவருடைய பென்சில் படங்கள் சில தப்பின.

பிரான்ஸில் குஸ்தாவ் டோரே இன்னொரு தினுசு. 1862இல் பெரோவின் கதைகளுக்கு வரைந்தபோது கோடே போடாமல், தூரிகையால் சாம்பல் நிறச் சாயத்தைக் கட்டையில் பூசிக் கொடுத்துவிடுவார். அந்தச் சாயத்தை எந்தக் கோடாக மாற்றுவது என்பது வெட்டுகிறவர் பொறுப்பு. பிஸான் போன்ற கைதேர்ந்தவர்கள் இருந்ததால் பிழைத்தது. தம்பிக்கு அங்கே கோபம் வராது என்று நினைக்கிறேன்.

கோட்டுச்சித்திரன்:

வராது. அங்கே உளிக்குச் சொந்தப் பேச்சு இருக்கிறது. செந்தொப்பிச் சிறுமி ஓநாயோடு படுக்கையில் இருக்கும் படத்தில் போர்வை மடிப்புகளைப் பாருங்கள், அத்தனையும் உளியின் கோடு.

செம்பருத்தி:

அந்த 1865 கூத்தையும் யாராவது சொல்லுங்கள். 2,000 பிரதி அச்சடித்துவிட்டு டெனியல் வேண்டாம் என்று சொன்னதால் திரும்பப் பெற்றார்களாமே? ஏற்கெனவே பரிசாகக் கொடுத்த பிரதிகளைக்கூட கேரல் திருப்பிக் கேட்டாராம். எனக்கென்னவோ டால்ஸீல் சொதப்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

டிரெடில்தாசன்:

இல்லை, இதில் டால்ஸீல் மேல் பழி போடக் கூடாது. அதே படங்களைத்தான் ரிச்சர்ட் கிளே என்ற வேறு அச்சகத்தில் கொடுத்து மறுபடி அடித்தார்கள், டெனியல் ஒப்புக்கொண்டார். அவர் குறை சொன்னது, முதல் அச்சு நடந்த ஆக்ஸ்ஃபர்டில் படங்கள் அச்சான விதத்தை. அந்த முதல் அச்சின் தைக்காத தாள்கள் நியூயார்க்கில் ஆப்பிள்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. தைத்து வெளியே போன பிரதிகளில் இன்று இருபது சொச்சம்தான் மிச்சம்.

அச்சில் என்ன தப்பு நடக்கும் என்றால், ஒரே கட்டையில் கனத்த கறுப்பும் மயிரிழைக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கறுப்புக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அந்த அழுத்தம் மயிரிழைக்குப் பட்டால் கோடு தடித்து நசுங்கும். குறைத்தால் கறுப்பு திட்டுத் திட்டாக வரும். என் அப்பா ஒரு படத்தை அடிக்கும் முன் முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்கே வெளிறியிருக்கிறதோ அந்த அளவுக்கு டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து (கத்தரிக்க மாட்டார், கிழிப்பார், அப்போதுதான் ஓரம் தடயம் விடாது) தாளுக்குப் பின்னால் வருகிற அட்டையில் பசை வைத்து ஒட்டுவார். மறுபடி ஒரு தாள். மறுபடி ஒரு துண்டு. ஒரு பிள்ளையார் படத்துக்கு அரை நாள் போகும், வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார். ஆலிஸில் 42 படம். எந்த அச்சகமாக இருந்தாலும் அவசரப்பட்டால் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி. டால்ஸீல் வெட்டிய கட்டைகளில் நேராக அச்சடிக்கவே இல்லை. கட்டையிலிருந்து மெழுகில் அச்செடுத்து, அதில் கரித்தூள் பூசி, மின்சாரம் ஓடும் செப்புக் கரைசலில் தொங்கவிட்டால் மெழுகின் மேல் மெல்லிய செப்பு ஓடு படியும். அதன் முதுகில் ஈயம் ஊற்றி, அந்தத் தகட்டில்தான் அடித்தார்கள். தேய்ந்தால் இன்னொன்று எடுக்கலாம். மூலக் கட்டைகள் பத்திரமாகப் பெட்டிக்குப் போய்விட்டன. 1985இல் லண்டனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் அவை அப்படியே கிடைத்தன.

நூலகப்பூனை:

இப்போது மகள் கேட்பது நிறம் பற்றி. அந்தக் காலத்தில் கலர் படமே கிடையாதா?

செம்பருத்தி:

உண்டு, கையால் பூசினார்கள். 1807இல் ஜான் ஹாரிஸ் பதிப்பித்த 'பட்டர்ஃப்ளைஸ் பால்' வெறும் படத்தோடு 1 ஷில்லிங், வண்ணம் பூசியது ஒன்றரை ஷில்லிங். மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைப்பார்களாம். ஒருவனுக்குச் சிவப்பு மட்டும், அடுத்தவளுக்குப் பச்சை மட்டும். தன் நிறத்தைப் பூசிவிட்டுத் தாளைத் தள்ளிவிட வேண்டும். பணக்காரப் பிள்ளை பார்க்கிற படத்துக்கு ஏழைப் பிள்ளை கலர் அடித்திருக்கிறது.

கோட்டுச்சித்திரன்:

நிறம் என்றால் எட்மண்ட் எவன்ஸ்தான். இவரும் மரம் வெட்டுகிறவர்தான், ஆனால் நிறத்துக்கு ஒரு கட்டை என்று போனவர். கால்டிகாட் என்ற ஓவியர் பேனாவால் காகிதத்தில் வரைவார். அதைப் போட்டோ மூலம் கட்டையில் ஏற்றி வெட்டுவார்கள். மூலப்படம் தப்பித்தது, கவனியுங்கள்! வெட்டிய கட்டையில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் கால்டிகாட் அதில் வண்ணம் பூசித் தருவார். எவன்ஸ் அதைப் பிரித்துப் பார்த்து, கோட்டுக்கு அடர் பழுப்பு, முகத்துக்கும் கைக்கும் ஒரு தோல் நிறம், அப்புறம் சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என்று ஆறு கட்டை போடுவார். பச்சைக்குத் தனிக் கட்டை வேண்டாம், நீலத்தின் மேல் மஞ்சள் விழும். வெளிர் நீலம் வேண்டும் என்றால் நீலக் கட்டையிலேயே நெருக்கமாகக் கோடு வெட்டிவிடுவார். காகிதத்தின் வெள்ளை இடையில் தெரிந்து, கண்ணுக்கு வெளிர்ந்து காட்டும். 1878இலிருந்து கிறிஸ்துமஸுக்கு இரண்டு புத்தகம், மொத்தம் 16. ஒவ்வொன்றும் 1 ஷில்லிங்.

இவருக்கு முன்பே வால்டர் கிரேன் எவன்ஸோடு வேலை செய்தார். ஜப்பானிய மர அச்சுப் படங்களைப் பார்த்துவிட்டுக் கனத்த கறுப்புக் கோட்டுக்கும் தட்டையான நிறத்துக்கும் மாறியவர். கேட் கிரீனவேயின் முதல் புத்தகத்தை எவன்ஸ் எடுத்த எடுப்பில் 20,000 பிரதி அடித்தார். விலை 6 ஷில்லிங். பதிப்பாளர் இவருக்குப் பைத்தியம் என்று நினைத்தாராம். மறு அச்சு வருவதற்குள் அத்தனையும் விற்றுவிட்டது.

ஆலிஸும் கடைசியில் அவரிடம்தான் நிறம் வாங்கினாள். சின்னக் குழந்தைகளுக்கான பதிப்புக்கு டெனியல் 20 படங்களுக்கு வண்ணம் பூசினார், எவன்ஸ் 10,000 பிரதிக்குத் தாள் அடித்தார், கேரல் பார்த்துவிட்டு ரொம்பப் பளிச்சென்று கண்ணைக் குத்துகிறது என்று தள்ளிவிட்டார். மறுபடி அடித்து 1890இல் வந்தது. அந்த மனிதரிடம் அச்சடித்துப் பேர் வாங்குவது கஷ்டம்தான்.

டிரெடில்தாசன்:

கல்லச்சை விட்டுவிட்டீர்கள். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவது. கல்லை நனைத்தால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அங்கே அச்சு மை ஒட்டாது. இதில் வெட்டுவதே கிடையாது, வரைந்த கையின் நடுக்கம்கூட அப்படியே தாளுக்கு வரும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற டாக்டர் 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் தேடி, ஒன்றும் பிடிக்காமல், வெற்று நோட்டு வாங்கித் தானே எழுதி வரைந்தார். பரட்டைத் தலைப் பீட்டர், விரல் சப்பும் கொன்ராட் எல்லாம் அதில்தான். அடுத்த ஆண்டு கல்லச்சில் வந்தது. அவர் ஓவியர் இல்லை. கல்லில் படியெடுக்கிறவர் படத்தை 'அழகாக்கி'விடக் கூடாது என்று பக்கத்திலேயே காவல் இருந்தாராம்.

எட்வர்ட் லியரின் கிறுக்குப் பாட்டுகள் 1846இல் வந்தது கல்லச்சு. 1861 பதிப்புக்கு அதே படங்களை மரத்தில் வெட்டியவர்கள் யார் தெரியுமா? டால்ஸீலேதான்! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லில் லியரின் கோடு சாக்பீஸ் மாதிரி சொரசொரவென்று ஓடும், மரத்தில் முனை கூர்ந்துவிடும்.

பிறகு நிறத்துக்கு ஒரு கல் என்று பத்துக் கல் வரை ஏற்றி ஜெர்மனியில் அடித்துத் தள்ளினார்கள். நூரெம்பர்க்கில் நிஸ்டர் அச்சகம் ஆங்கிலக் குழந்தைகளுக்கே அடித்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகமும் இந்தக் கல்லச்சுதான். தாத்தா வீட்டு லட்சுமி படம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், முகம் எல்லாம் ஒழுங்கில்லாத பொடிப் புள்ளியாக இருக்கும்.

செம்பருத்தி:

மரம் வெட்டுகிறவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

டிரெடில்தாசன்:

படத்தைப் போட்டோ எடுத்துத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுக்கும் லைன் பிளாக் வந்தது. 1880களில் அது மலிந்துவிட்டது. வாரக்கணக்கில் வெட்டியதை அமிலம் ஒரு நாளில் முடித்துவிடும். சாம்பல் நிழலைப் பொடிப் புள்ளிகளாக்கிக் காட்டும் ஹாஃப்டோனும் வந்தது. 1893இல் டால்ஸீல் பட்டறை திவால். எங்கள் கடைக்கு வந்த பிள்ளையார் பிளாக்கும் மரத்தில் அறைந்த துத்தநாகத் தகடுதான், பிளாக் செய்கிறவரிடம் படத்தைக் கொடுத்தால் மறுநாள் கிடைக்கும்.

நூலகப்பூனை, உங்கள் பிரதியை லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா? மரமோ அதிலிருந்து எடுத்த செப்போ என்றால் கோட்டின் ஓரத்தில் மை கொஞ்சம் பிதுங்கி நிற்கும், தாளின் பின்பக்கம் விரலுக்கு லேசாக மேடு தட்டும். இரண்டாவது ஆலிஸ் கிடைத்தால் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். தாளின் முன்பக்கம் அவள் கண்ணாடிக்குள் போகிறாள், அதே தாளின் பின்பக்கம் வெளியே வருகிறாள். தாள்தான் கண்ணாடி.

நூலகப்பூனை:

லென்ஸ் வைத்தேன் ஐயா. பின்பக்கம் வழவழவென்று இருக்கிறது, மேடே இல்லை. ஜாபர்வாக்கைத் தேடினேன், அது இரண்டாவது புத்தகம் என்பதே இப்போதுதான் உறைத்தது. பூனைப் படத்தைப் பார்த்தேன். அந்தக் குட்டிக் கட்டங்களில் பாதி அடைத்துக் கறுப்பாகிவிட்டது. ஏதோ பழைய பதிப்பைப் படம் பிடித்து ஆஃப்செட்டில் அடித்தது போல. எண்பது ரூபாய்க்கு வேறென்ன கிடைக்கும்.

இரண்டாவது புத்தகம் பள்ளி நூலகத்தில் இருந்தது, புதுப் பதிப்பு. கண்ணாடிப் படங்கள் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். மகள் பார்த்துவிட்டு, ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து இன்னொன்றின் பின்னால் ஒட்டித் தரச் சொல்கிறாள். இப்போது பசை காய்ந்துகொண்டிருக்கிறது.